வழி தவறிய ரோமம்

உலகத்தில் எத்தனையோ பெரிய வியாதிகள் இருக்க, ஒற்றை ரோமத்தைப் பற்றி ஒரு வாரத்துக் கட்டுரையா என்று நேயர்களில் சிலர் நகைக்கலாம். நாமும் ஒரு காலத்தில் நகைத்திருப்போம். ஆனால் காலில் தைத்த முள் சிறியதாயிருக்கிறது என்பதற்காக நடை தடைப்படாமல் போகிறதா? கன்னத்திலோ கழுத்திலோ முளைத்து வெளியே வரவேண்டிய ரோமம் வழி தவறித் தோலுக்குள்ளேயே திரும்பிவிட்டால், அதுவும் ஒரு முள்தான். வெளியிலிருந்து தைத்த முள்ளைப் பிடுங்கி எறிந்துவிடலாம். நம் உடம்பே வளர்க்கும் முள்ளை என்ன செய்வது?

இந்த விஷயத்தை நாம் முதலில் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நம்மிடம் படித்த மாணவன் ஒருவனுடைய கழுத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். அந்தக் கழுத்து அந்தக் கதிக்கு ஆளானதில் நமக்கும் பங்கு உண்டு. ஆகையால் அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுவதே நியாயம்.

2022-ஆம் வருஷத்துச் சம்பவம் அது. மாணவன் பன்னிரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தான். நல்ல சுருட்டைத் தலை. புதிதாக அரும்பிய தாடியும் சுருட்டையே. மேல் வகுப்பு மாணவர்கள் முகத்தை மழமழவென்று வழித்துக்கொண்டுதான் வரவேண்டும் என்பது பள்ளிக்கூடத்தின் கட்டுப்பாடு. திங்கட்கிழமை காலைப் பிரார்த்தனையின்போது வரிசை வரிசையாக நடந்து முகங்களைச் சோதிக்கும் உத்தியோகம் நமக்குக் கிடைத்திருந்தது. அதை வெகு கண்டிப்பாகவே நிறைவேற்றி வந்தோம். அந்தப் பையன் முதல் தடவை அகப்பட்டபோது, "நாளைக்குச் சவரம் செய்துகொண்டு வா, இல்லாவிட்டால் வகுப்புக்குள் வராதே" என்றோம். மறுநாள் அப்படியே வந்தான். சில வாரங்கள் கழித்து மறுபடியும் நான்கு நாள் தாடியுடன் நின்றான்.

"ஸார், வழித்தால் கழுத்தெல்லாம் எரிகிறது. கொப்புளம் கொப்புளமாக வருகிறது" என்றான்.

"சோம்பலுக்கு இது ஒரு சாக்கா?" என்று கேட்டு, அன்று முதல் பாடவேளை முழுவதும் அவனை வெளியே நிறுத்திவிட்டோம்.

அதற்குப் பிறகு பையன் வாதாடவில்லை. தினந்தோறும் விடியற்காலையில் எழுந்து, தகப்பனார் உபயோகித்துப் போட்ட பிளேடை எடுத்து, வெறும் குழாய்த் தண்ணீரால் முகத்தை நனைத்து, கீழிருந்து மேலாக இரண்டு மூன்று முறை வழித்துக்கொண்டு வந்திருக்கிறான். கொப்புளத்துக்குள் கறுப்பாக ஏதோ தெரிந்த இடத்தையெல்லாம் சட்டை ஊக்கினால் கிளறியிருக்கிறான். ஒரு நாள் கழுத்தைச் சுற்றிக் கைக்குட்டை கட்டிக்கொண்டு வந்தான். அதையும் கழற்றச் சொன்னவர்கள் நாம்தான். மறுநாளிலிருந்து மூன்று நாள் வரவில்லை. நான்காம் நாள் அவனுடைய தாயார் வந்தார்.

"ஸார், கழுத்து வீங்கி ஜுரம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஒரு மாதத்துக்குக் கத்தியே படக்கூடாது என்று டாக்டர் சொல்கிறார். பள்ளிக்கூடத்தில் ஒப்புக்கொள்வீர்களா?" என்று கேட்டார்.

அந்த அம்மாள் கோபமாகக் கேட்டிருந்தால் நமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். அவர் மிகவும் பணிவாக, உத்தரவு கேட்பவர்போல் கேட்டார். தம் பிள்ளையின் கழுத்து ஆறுவதற்கு நம்முடைய அனுமதி வேண்டியிருக்கிறது என்பதைக் கேட்டபோது நமக்கு வாயடைத்துப் போயிற்று.

காரணம் என்ன?

அன்று மாலையே நமக்குத் தெரிந்த சரும வைத்தியர் ஒருவரிடம் சென்று விசாரித்தோம். அவர் ஒரு காகிதத்தில் படம் போட்டு விளக்கியதை இங்கே சுருக்கிச் சொல்கிறோம்.

ரோமம் தோலுக்குள் இருக்கும் ஒரு சிறு குழியிலிருந்து முளைக்கிறது. நேரான ரோமத்துக்குக் குழியும் நேராக இருக்கும். சுருட்டை ரோமத்துக்குக் குழியும் வளைந்திருக்கும். வெட்டாமல் விடப்பட்ட ரோமத்தின் நுனி மெல்லியது. தோலைத் துளைக்கும் சக்தி அதற்கு இல்லை. கத்தியால் சீவப்பட்ட நுனியோ, சீவிய மூங்கிலைப்போல் சாய்வாகவும் கூர்மையாகவும் இருக்கிறது. சுருட்டை ரோமம் வெளியே வந்ததும் வளைந்து, அந்தக் கூரிய நுனியால் பக்கத்துத் தோலையே மறுபடி குத்திக்கொண்டு உள்ளே நுழைந்துவிடுகிறது. இது ஒரு வகை.

இன்னொரு வகையும் உண்டு. தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு மிக ஒட்ட வழித்தால், ரோமம் தோலின் மட்டத்துக்குக் கீழே வெட்டப்படுகிறது. கையை விட்டதும் தோல் பழைய இடத்துக்கு வருகிறது; ரோமத்தின் நுனி உள்ளே அமிழ்ந்துவிடுகிறது. பிறகு வளரும்போது வாசல் வழியாக வராமல் குழியின் சுவரையே துளைத்துக்கொண்டு போகிறது.

இரண்டு வகையிலும் உடம்பு அதைத் தன்னுடையது என்று கருதுவதில்லை. வெளியிலிருந்து வந்த சிராயை எப்படி எதிர்க்குமோ அப்படியே எதிர்க்கிறது. சிவப்பு, அரிப்பு, வலி, சீழ் எல்லாம் அந்த எதிர்ப்பின் அடையாளங்கள். பார்வைக்கு முகப்பருபோல் தோன்றினாலும் இது பரு அன்று. பெரும்பாலும் முதலில் கிருமியும் இதில் இல்லை. நாம் நகத்தாலும் ஊக்காலும் கிளறுகிறபோதுதான் கிருமியை உள்ளே அனுப்புகிறோம்.

கழுத்தில் இது மிகுதியாக வருவதற்குக் காரணம், அங்கே ரோமம் ஒரே திசையில் வளர்வதில்லை என்பதே. கன்னத்தில் கீழ்நோக்கி வளர்வது, தாடைக்குக் கீழே பக்கவாட்டிலும் மேல்நோக்கியும் திரும்பிவிடுகிறது.

சவரக் கருவிகள் நாளுக்கு நாள் நேர்த்தியாகிக்கொண்டு வருவதும் இதற்கு உதவி செய்யவில்லை. அலகை மாற்றி மாற்றிப் போடும் பாதுகாப்பு ரேஸரை ஜில்லெட் என்ற அமெரிக்கர் 1903-ஆம் வருஷம் விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1971-இல் இரட்டை அலகு ரேஸர் வந்தது. இப்போது மூன்று, ஐந்து என்று அலகுகள் பெருகிவிட்டன. முதல் அலகு ரோமத்தைச் சிறிது இழுத்துக்கொடுக்க, அடுத்த அலகு அதைத் தோலுக்கு அடியில் வெட்டுகிறது. வழவழப்பு வேண்டுவோருக்கு அது லாபம். சுருட்டை ரோமம் உள்ளவருக்கு அதே வழவழப்புத்தான் நஷ்டம்.

வந்துவிட்டால் செய்ய வேண்டியது

முதல் சிகிச்சை கத்தியைக் கீழே வைப்பதுதான். தாடி ரோமம் ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு வளர்கிறது. 30 நாளில் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் என்று கணக்குத் தெரிந்த பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். அந்த நீளத்தை எட்டும்போது, வளைந்து உள்ளே சிக்கிய ரோமம் வில்லைப்போல் நிமிர்ந்து பெரும்பாலும் தானே வெளியே வந்துவிடுகிறது. டாக்டர் ஒரு மாதம் என்று சொன்னதன் கணக்கு இதுதான். முதல் ஒரு வாரம் அரிப்பு சற்று அதிகமாகக்கூட இருக்கும். அப்போது மனம் தளர்ந்து மறுபடி வழித்துவிட்டால், பட்ட கஷ்டமெல்லாம் வீண்.

இரண்டாவது, வெந்நீர் ஒத்தடம். பொறுக்கக்கூடிய சூட்டில் உள்ள வெந்நீரில் சுத்தமான மெல்லிய துணியை நனைத்துப் பிழிந்து, 10 நிமிஷம் அந்த இடத்தில் வைத்து எடுக்க வேண்டும். நாளைக்கு மூன்று வேளை செய்யலாம். தோல் இளகி, ரோமம் வெளியே வர வழி பிறக்கும். ஒருவர் உபயோகித்த துணியை மற்றவர் தொடலாகாது.

மூன்றாவது, எச்சரிக்கையுடன் செய்ய வேண்டியது. ஒத்தடத்துக்குப் பிறகு ரோமம் தோலுக்கு மேல் வளையம்போல் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தால் மாத்திரம், ஸ்பிரிட்டால் துடைத்த ஊசியின் நுனியை அந்த வளையத்துக்குள் நுழைத்து மெதுவாக மேலே தூக்கிவிடலாம். தூக்கிவிடுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பிடுங்கக்கூடாது. பிடுங்கினால் அடியிலிருந்து முளைக்கும் புது ரோமம் அதே தவறான வழியில் மறுபடியும் குத்தும். ரோமம் கண்ணுக்குத் தெரியாவிட்டால் ஊசியைத் தொடவே கூடாது. தோண்டி எடுப்பது வைத்தியமன்று.

நம் வீடுகளில் வழங்கும் சில மருந்துகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பது நம் பாட்டிமார் அறிந்த உண்மை. அதையே தாங்கள் கண்டுபிடித்ததாகச் சொல்லி 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார்கள். நமது விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் கவுன்ஸில் பழைய ஏடுகளை ஆதாரம் காட்டி வழக்காடி, 1997-இல் அந்த உரிமையை ரத்துச் செய்ய வைத்தது. இதில் நாம் பெருமைப்படுவது நியாயமே. ஆனால் அந்தப் பெருமைக்காக, கடையில் வாங்கிய சமையல் மஞ்சள் தூளைச் சீழ் வைத்த கொப்புளத்தின்மேல் அப்ப வேண்டியதில்லை. தூளோடு தூசும் உள்ளே போகும். எலுமிச்சம் பழச் சாறு இன்னும் மோசம். அதைத் தடவிக்கொண்டு வெயிலில் நடந்தால் தோல் வெந்து கறுத்துப்போகும்.

இதைக் காட்டிலும் பெரிய அபாயம் மருந்துக் கடையில் இருக்கிறது. "முகத்தில் கொப்புளம்" என்று சொன்னவுடன் எடுத்துக் கொடுக்கப்படும் கிரீம்களில் பல, ஸ்டீராய்டு கலந்தவை. இரண்டு நாளில் சிவப்பு அடங்கிவிடும், எல்லோருக்கும் சந்தோஷம். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் வெளியே தெரிந்து, பருக்கள் புதிதாகக் கிளம்பும். இப்படிப்பட்ட பூச்சு மருந்துகளை டாக்டரின் சீட்டு இல்லாமல் விற்கலாகாது என்று 2018-இல் சர்க்கார் கட்டுப்பாட்டைக் கடுமையாக்கியது. ஆயினும் கேட்பவர்கள் இருக்கிறவரையில் கொடுப்பவர்களும் இருப்பார்கள். ஆகையால் நாம் கேட்காமலிருப்பதே உத்தமம்.

கொப்புளம் ஆறிய பிறகு கறுப்புத் தழும்பு நிற்கும். நம்மைப் போன்ற மாநிறத்தாருக்கும் கறுப்பு நிறத்தாருக்கும் அது மறையப் பல மாதங்கள் ஆகும். தேய்த்துப் போக்க முயல வேண்டாம். வெயில் அதிகம் படாமல் பார்த்துக்கொண்டால் தானே மங்கும்.

வராமல் தடுக்கும் வழி

தாடி வைத்துக்கொள்வதே பூரணமான தடுப்பு. அது இயலாதவர்களுக்கு அடுத்த வழி, டிரிம்மர் என்னும் மின்சாரக் கத்திரி. 1 மில்லிமீட்டர் ரோமத்தை விட்டுவிட்டு வெட்டினால் நுனி தோலுக்குள் அமிழாது. சற்றுத் தள்ளி நின்று பார்ப்பவர்களுக்குச் சவரம் செய்த முகத்துக்கும் இதற்கும் அதிக வித்தியாசம் தெரியாது.

கத்திதான் வேண்டும் என்பவர்கள் ஸ்நானத்துக்குப் பிறகு, ரோமம் ஊறியிருக்கும்போது சவரம் செய்துகொள்ளட்டும். சோப்பு நுரையைத் தடவிய கணத்திலேயே வழிக்காமல் இரண்டு மூன்று நிமிஷம் காத்திருக்க வேண்டும். ஒற்றை அலகுள்ள, கூர் மழுங்காத பிளேடு நல்லது. தோலை இழுத்துப் பிடிக்கலாகாது; அழுத்தலாகாது. ரோமம் எந்தத் திசையில் சாய்ந்திருக்கிறதோ அந்தத் திசையிலேயே வழிக்க வேண்டும். திசை தெரியாவிட்டால் இரண்டு நாள் வளரவிட்டு விரலால் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும். எந்தப் பக்கம் தடவும்போது வழுக்குகிறதோ அதுவே சரியான திசை. ஒரு முறை வழித்த இடத்தை மறுபடி வழித்து மெருகேற்ற வேண்டாம். முடிந்ததும் குளிர்ந்த நீரால் கழுவி, துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

சலூனுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிளேடை இரண்டாக ஒடித்துப் பாதியைக் கத்தியில் பூட்டும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. அந்தப் பாதி நமக்காகப் புதிதாக ஒடிக்கப்பட்டதா என்று பார்த்துக்கொள்வது அவமரியாதையாகாது. எல்லோருடைய கன்னத்திலும் தேய்க்கப்படும் படிகாரக் கட்டியை மாத்திரம் வேண்டாமென்று சொல்லிவிட வேண்டும். ஹெபடைடிஸ் பி என்னும் காமாலைக் கிருமி உடம்புக்கு வெளியே 7 நாள் வரையில் பிழைத்திருக்கக்கூடியது. முடி திருத்தும் சகோதரர்களுக்கு நம் நாட்டில் மருத்துவர் என்றே பெயர். அந்தக் குலத்துப் பெண்மணிகள் தலைமுறை தலைமுறையாகப் பிரசவம் பார்த்தவர்கள். சுத்தத்தைப் பற்றி மரியாதையாகச் சொன்னால் அவர்கள் நம்மைவிட நன்றாகவே புரிந்துகொள்வார்கள்.

இது ஆண்களுக்கு மட்டும் உரிய தொல்லை என்று எண்ண வேண்டாம். கை, கால்களில் மெழுகு பூசி ரோமத்தை உரிக்கும் பெண்களுக்கும் இது வருகிறது. பாதியில் அறுந்த ரோமம் உள்ளேயே சுருண்டுவிடுவதுதான் காரணம். ரோமம் எடுத்த பிறகு சில நாட்கள் இறுக்கமான உடைகளைத் தவிர்த்துத் தளர்ந்த பருத்தி உடை அணிவது நலம். ஒரு பெண்ணுக்கு மோவாயில் தடித்த ரோமம் புதிதாக முளைத்து, மாத விலக்கும் தவறினால், அதைப் பிடுங்கி மறைத்துக்கொண்டிராமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். உடம்பின் சுரப்பிகளில் உள்ள கோளாற்றுக்கு அது அறிகுறியாக இருக்கலாம்.

டாக்டரிடம் போகவேண்டிய வேளை

வீக்கமும் சிவப்பும் பரவினாலும், ஜுரம் வந்தாலும், கொப்புளம் கட்டியாகத் திரண்டாலும், தழும்பு தடித்து வளர ஆரம்பித்தாலும் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட வேண்டும். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் அருகே உள்ள கொப்புளத்தை ஒருபோதும் பிதுக்கலாகாது. அங்குள்ள ரத்தக் குழாய்கள் மண்டைக்குள் இருக்கும் குழாய்களோடு தொடர்புள்ளவை. நீரிழிவு உள்ளவர்கள் ஊசி வேலையை அறவே விட்டுவிட வேண்டும். நம் தேசத்தில் அவர்கள் தொகை 10 கோடிக்கு மேல் என்று 2023-இல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. ஆகையால் ஏறக்குறைய ஒவ்வொரு தெருவிலும் இந்த எச்சரிக்கைக்கு உரியவர் ஒருவர் இருப்பார். எத்தனை முயன்றும் தீராதவர்களுக்கு, ரோமத்தின் வேரையே சுட்டுவிடும் லேஸர் சிகிச்சை உண்டு. நம் நிறத்துக்கு ஏற்ற லேஸரா என்று தேர்ந்த சரும வைத்தியரே முடிவு செய்ய வேண்டும். வேறு யாரிடமும் போகலாகாது.

இனி நமது கட்டுப்பாட்டின் கதைக்கு வருவோம். அமெரிக்காவில் கறுப்பின ஆண்களுக்கு இந்தத் தொல்லை மிக அதிகம். பிட்ஸா விற்கும் ஒரு நிறுவனம், தாடியுள்ளவர்கள் தன்னிடம் வேலை செய்யக்கூடாது என்று விதி வைத்திருந்தது. சவரம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் விதிவிலக்கு இல்லை. 1993-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்த விதி கறுப்பின ஆண்களையே அதிகம் பாதிக்கிறது என்றும், அத்தனை கண்டிப்பு வியாபாரத்துக்கு அவசியம் என்று நிறுவனம் நிரூபிக்கவில்லை என்றும் தீர்ப்புச் சொல்லிற்று. தோலின் நியாயம் கோர்ட்டு வரையில் போக வேண்டியிருந்தது.

நம் ஊரில் அந்தத் தாயார் கோர்ட்டுக்குப் போகவில்லை. நம் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். மறுநாளே தலைமை ஆசிரியரிடம் போய் நடந்ததைச் சொன்னோம். அவர் சற்று யோசித்து, டாக்டர் சீட்டு உள்ள மாணவர்கள் டிரிம்மரால் ஒழுங்குபடுத்திய தாடியுடன் வரலாம் என்று அனுமதித்தார். அந்த வருஷமே இன்னும் இரண்டு பையன்கள் சீட்டுக் கொண்டு வந்தார்கள். இத்தனை நாள் அவர்களும் பேசாமல் வழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

பையனுடைய கொப்புளங்கள் ஆறு வாரத்தில் அடங்கின. தாடையின் கீழே ஓரிடத்தில் மாத்திரம், ஊக்குப் பட்ட இடத்தில், தழும்பு நின்றுவிட்டது. வகுப்பிலே எல்லோர் முன்னிலையிலும் அவனை வெளியே நிறுத்தினோம் அல்லவா? ஆகையால் எல்லோர் முன்னிலையிலுமே, "அன்று நீ சொன்னது நிஜம், நாம்தான் விசாரிக்கவில்லை" என்று சொன்னோம். "பரவாயில்லை, ஸார்" என்றான் அவன், தலையைக் குனிந்துகொண்டு.

வீட்டில் வளர்ந்த பிள்ளை இருக்கும் பெற்றோர்களுக்கு நமது வேண்டுகோள் இது: முதன்முதலாக அவன் கையில் கத்தி எடுக்கும் நாளில் கூட இருந்து, ரோமம் சாயும் திசையைக் காட்டிக்கொடுங்கள், புது பிளேடு ஒன்று வாங்கிக்கொடுங்கள். உபாத்தியாயர்களாகிய நம்மவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஒரு பையன் எரிகிறது என்று சொன்னால், முகத்தில் தாடி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், கழுத்தில் புண் இருக்கிறதா என்று பாருங்கள்.